வார்ம் டோன் முகத்துக்கு மேக்கப் ஷேட் எடுக்கறது எப்படி? அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் பார்லர் வெச்சிருக்கறவ இல்ல. சொந்தக்காரங்க வீட்டு நிச்சயதார்த்தம், வளைகாப்பு, ரிசப்ஷன்னா மேக்கப் பெட்டியோட போய் நிக்கற ஆளு, அவ்ளோதான். ஆனா போற எடத்துல எல்லாம் அதே கேள்விய பத்து பேர் கேக்கறாங்க, அதுனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிப் போட்டுடறேன். கலர் பேர் வர்ற எடத்துல எல்லாம் பொடவைக் கடை பாஷைலயும் சமையக்கட்டு பாஷைலயும் தான் சொல்லுவேன், டப்பா மேல போட்டிருக்கற பேரு பாதி நேரம் ஒண்ணும் புரியாது.

"சீசன்"னா என்ன? வெயில் காலம் மழைக் காலத்துக்கு ஏத்த மேக்கப்பா?

இல்லங்க. பருவத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தோல், முடி, கண்ணு மூணோட கலரையும் சேத்துப் பாத்து ஒரு ஆளுக்கு எந்தக் கலர் குடும்பம் ஒத்துப் போகும்னு பிரிக்கறதுக்கு வெச்ச பேரு தான் ஸ்ப்ரிங் (வசந்தம்), சம்மர் (கோடை), ஆட்டம் (autumn, இலையுதிர் காலம்), விண்டர் (குளிர்காலம்). ஜெர்மனில பௌஹவுஸ் ஸ்கூல்ல 1919லேர்ந்து 1923 வரைக்கும் பாடம் எடுத்த யோஹானஸ் இட்டென்ங்கற ஓவியர், ஒவ்வொருத்தரும் தானா தேர்ந்தெடுக்கற கலருக்கும் அவங்க உருவத்துக்கும் ஒரு ஒத்துமை இருக்குன்னு கவனிச்சு எழுதினார். அதை புத்தகமா எழுதி வீட்டுக்கு வீடு கொண்டு போனது அமெரிக்காவுல கேரல் ஜாக்சன், 1980ல. அப்போ நாலு சீசன். இப்போ ஒவ்வொண்ணையும் மூணா ஒடைச்சு 12 ஆக்கிட்டாங்க.

தோலுக்கு அடில மஞ்சள், பொன் நிறம் ஓடினா வார்ம், ரோஸ் ஓடினா கூல். இதுல வார்ம் பக்கம் ரெண்டு தான், ஸ்ப்ரிங்கும் ஆட்டமும். நம்ம ஊர்ல எலை செவந்து உதிர்ற காலமே கெடையாது, அதுனால நான் இப்படி சொல்லுவேன்: ஆட்டம்னா அஞ்சறைப் பெட்டி. மஞ்சள் தூள், வத்தல், மல்லி, வெந்தயம், கடுகு, பட்டை, எல்லாமே சூடான கலர் ஆனா கொஞ்சம் அடங்கின கலர். ஸ்ப்ரிங்னா பழக்கடை. பப்பாளி, மாம்பழம், கமலா ஆரஞ்சு, தக்காளி. இதுவும் சூடு தான், ஆனா பளிச்சுன்னு இருக்கும்.

நான் கருப்பு. எனக்கெல்லாம் இந்த சீசன் கணக்கு ஒத்து வருமா?

வரும். ஆனா அந்தக் காலத்துப் படங்கள் முக்கால்வாசி வெள்ளைக்காரங்கள வெச்சு போட்டது, "பொன் முடி, பச்சைக் கண்ணு இருந்தா ஸ்ப்ரிங்"னு இருக்கும். நம்ம வீட்ல எல்லாருக்கும் கருப்பு முடி, கருப்பு இல்லன்னா ப்ரௌன் கண்ணு. அந்தக் கணக்குல போனா ஊரே விண்டர் தான். அதுனால நாம தோல மட்டும் வெச்சு பாக்கணும்.

இன்னொண்ணு, நம்ம பாஷைலயே ஒரு குழப்பம் இருக்கு. வெள்ளையா இருக்கற பொண்ண "செவத்த பொண்ணு"ன்னு சொல்றோம்ல, அங்கேர்ந்தே தப்பு ஆரம்பிக்குது. கருப்பா வெள்ளையாங்கறது வேற, அடில ஓடற நிறம் மஞ்சளா ரோஸாங்கறது வேற. நல்ல கருப்புல கூல் இருப்பாங்க, நல்ல வெள்ளைல வார்ம் இருப்பாங்க. எங்க வீட்லயே அக்காவும் நானும் ஒரே மாநிறம் தான், அவளுக்கு ராணி பிங்க் கட்டினா வெளக்கு போட்ட மாதிரி இருக்கும், நான் கட்டினா ஜுரத்துலேர்ந்து எந்திரிச்சு வந்த மாதிரி இருப்பேன்.

இந்தியன் ஸ்கின்னாலே வார்ம் தானே?

இல்ல. இந்த ஒரு வரிய நம்பி எத்தனை பேர் ஆரஞ்சு கலர் ஃபவுண்டேஷன் வாங்கி வீணடிச்சிருக்காங்க தெரியுமா.

நான் வார்மான்னு எப்படி கண்டுபிடிக்கறது? மணிக்கட்டு நரம்பு பாக்கறது சரியா?

நரம்பு பச்சையா தெரிஞ்சா வார்ம், நீலமா தெரிஞ்சா கூல்னு சொல்லுவாங்க. மாநிறத்துக்கு மேல போனா நரம்பே சரியா தெரியாது, தெரிஞ்சாலும் எல்லாருக்கும் பச்சையா தான் தெரியும். தங்கம் ஒத்து வந்தா வார்ம், வெள்ளின்னா கூல்ங்கற டெஸ்டுலயும் எனக்கு நம்பிக்கை இல்ல, பொறந்ததுலேர்ந்து தங்கத்த மட்டுமே நகைன்னு பாத்த கண்ணு தங்கம் தான் நல்லாருக்குன்னு சொல்லும், வேற என்ன சொல்லும்.

நான் பண்றது பொடவை டெஸ்ட். காலைல ஒம்பது பத்து மணிக்கு ஜன்னல் பக்கத்துல உக்காருங்க, வெயில் நேரா மூஞ்சில அடிக்கக் கூடாது, வெளிச்சம் மட்டும் வரணும். லைட்டு எல்லாத்தையும் அணைச்சுடுங்க. மேக்கப் கூடாது, பொட்ட எடுத்துடுங்க, முடிய ஒரு வெள்ளைத் துண்டுல கட்டிடுங்க. முக்கியமா அன்னிக்கும் முந்தின நாளும் மஞ்சள் பூசிக் குளிக்காதீங்க. என் சித்தி ஒருத்தங்க தினமும் மஞ்சள் பூசறவங்க, டெஸ்ட் பண்ணா எந்தத் துணி வெச்சாலும் வார்ம்னே வருது, நாலு நாள் நிறுத்திட்டு பாத்தா ஆளு நியூட்ரல், அதாவது ரெண்டுக்கும் நடுவுல.

இப்போ பீரோலேர்ந்து ஜோடி ஜோடியா பொடவையோ துப்பட்டாவோ எடுத்து தாடைக்குக் கீழ மாத்தி மாத்தி வெச்சுப் பாருங்க. மிளகாய்ப்பழ செவப்பு ஒண்ணு, ராணி பிங்க் ஒண்ணு. கடுகு மஞ்சள் ஒண்ணு, எலுமிச்சை மஞ்சள் ஒண்ணு. சந்தனக் கலர் ஒண்ணு, நீலம் போட்டு வெளுத்த வெள்ளை வேட்டி ஒண்ணு. ஒவ்வொரு ஜோடிலயும் மொதல்ல சொன்னது வார்ம், அடுத்தது கூல்.

எல்லாரும் பண்ற தப்பு பொடவைய பாக்கறது. பொடவைய பாக்காதீங்க, வாயோரத்த பாருங்க. நம்மள்ல நெறைய பேருக்கு வாயச் சுத்தியும் கண்ணுக்குக் கீழயும் கருமை இருக்கும்ல, ஒத்து வராத கலர் வெச்சா அந்தக் கருமை இன்னும் ஒரு கோட்டிங் ஏறின மாதிரி தெரியும், கன்னம் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். ஒத்து வர்ற கலர் வெச்சா கருமை இருக்கும், ஆனா கண்ணு அங்க போகாது. பக்கத்துல யாரையாவது நிக்க வெச்சு கேளுங்க, நம்ம மூஞ்சிய நமக்கு நடுநிலையா பாக்கத் தெரியாது.

ரெண்டு பக்கமும் நல்லாருக்கு, இல்ல ரெண்டுமே சுமார். அப்போ?

ரெண்டும் நல்லாருந்தா நியூட்ரல், ரொம்ப யோசிக்காதீங்க. ரெண்டுமே சுமாரா இருந்தா ஆலிவா இருக்கலாம், அதாவது மஞ்சளுக்கு மேல லேசா ஒரு பச்சை கலந்த மாதிரி இருக்கும். இவங்களுக்கு ரோஸ் ஃபவுண்டேஷன் போட்டா குழம்புல பன்னீர் துண்டு மாதிரி தனியா மெதக்கும், ரொம்ப மஞ்சளா எடுத்தாலும் காமாலை மாதிரி இருக்கும். ஆலிவ்னு போட்ட ஷேட் கெடைச்சா அது, இல்லன்னா நியூட்ரல்ல ஆரம்பிங்க. லிப்ஸ்டிக்ல மட்டும் அடங்கின வார்ம் கலர்ஸ் பெரும்பாலும் காப்பாத்தும்.

வார்ம்னு தெரிஞ்சிடுச்சு. ஸ்ப்ரிங்கா ஆட்டமா?

மாம்பழ மஞ்சளையும் கடுகு மஞ்சளையும் மாத்தி வெச்சுப் பாருங்க. மாம்பழம் வெச்சப்போ மூஞ்சி முழிச்சுகிட்ட மாதிரி இருந்தா ஸ்ப்ரிங். பொடவை முன்னாடி வந்து மூஞ்சி பின்னாடி போயிட்டா நீங்க ஆட்டம். தமிழ்நாட்டு மாநிறத்துல வார்மா இருக்கறவங்கள நான் பாத்த வரைக்கும் ஆட்டம் தான் ஜாஸ்தி, அதுலயும் டீப் ஆட்டம், அதாவது அந்த 12ல அடர் கலர் ஒத்து வர்ற ஆட்டம். அதுனால கீழ சொல்றதுல ஆட்டம் பக்கம் கொஞ்சம் சாஞ்சு தான் இருக்கும், ஸ்ப்ரிங்காரங்க அதே கலர ஒரு படி பளிச்சுன்னு எடுத்துக்கங்க.

ஃபவுண்டேஷன் ஷேட்ல போட்டிருக்கற எழுத்துக்கு என்ன அர்த்தம்?

பெரும்பாலும் டபிள்யூ (W) போட்டிருந்தா வார்ம், சி (C) போட்டிருந்தா கூல், என் (N) போட்டிருந்தா நியூட்ரல். இதுல மேக் (M.A.C) கம்பெனி தலைகீழ். அவங்க என்.சி.ன்னு போட்டிருந்தா மஞ்சள், பொன் டோன் இருக்கற தோலுக்கு, என்.டபிள்யூ.ன்னா ரோஸ் டோனுக்கு. "நான் வார்ம், டபிள்யூ குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்து அப்புறம் ஏன் செவசெவன்னு இருக்குன்னு கேக்கறவங்க நெறைய. வார்மா இருந்தா மேக்ல என்.சி. வரிசைல பாருங்க.

எந்த கம்பெனியா இருந்தாலும் உள்ள இருக்கற சாயம் ஒண்ணு தான்: மஞ்சள், செவப்பு, கருப்புன்னு மூணு அயர்ன் ஆக்சைடு, கூட வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. மஞ்சள் தூக்கலா இருந்தா வார்ம் ஷேட். டைட்டானியம் ஜாஸ்தியானா தான் நம்ம தோல்ல அந்த சாம்பல் பூச்சு. டார்க் ஷேட் வேணும்னு கேட்டா வெறும் கருப்ப சேத்து எறக்கின மாதிரி சில டப்பா இருக்கும், அதுவும் சாம்பல் தான். 2017ல ஃபென்டி ப்யூட்டி ஒரே நேரத்துல 40 ஷேட் எறக்கினதுக்கு அப்புறம் தான் மத்த கம்பெனிகளும் டார்க் பக்கத்த கொஞ்சம் ஒழுங்கா பாக்க ஆரம்பிச்சாங்க.

கடைல எப்படி பாத்து வாங்கறது?

கைல தடவிப் பாக்காதீங்க. தாடையோரத்துல மூணு ஷேட்ட கோடு கோடா கழுத்து வரைக்கும் இழுத்துட்டு, கடைய விட்டு வெளில வந்து வெளிச்சத்துல ஃபோன் முன் கேமரால ஃபில்டர் ஆஃப் பண்ணி பாருங்க, எந்தக் கோடு காணாம போச்சோ அது. அப்புறம் ஒரு அரை மணி நேரம் சுத்திட்டு வாங்க, எண்ணெய் வழியற தோல்ல ஃபவுண்டேஷன் போகப் போக கருத்து ஆரஞ்சா மாறும், சென்னை மே மாசத்துல சொல்லவே வேண்டாம்.

கடைல "ஒரு ஷேட் லைட்டா எடுத்துக்கங்க மேடம், ஃபோட்டோல நல்லாருக்கும்"னு சொல்லுவாங்க. எடுக்காதீங்க. மூஞ்சி ஒரு ஊரு கழுத்து ஒரு ஊருன்னு ஆயிடும்.

கண்ணுக்குக் கீழ, வாயோரம் கருமைக்கு?

லைட் கன்சீலர (கருமைய மறைக்கற க்ரீம்) நேரா வெச்சா சாம்பல் ஆகும். மொதல்ல ஆரஞ்சு கரெக்டர், மாநிறம்னா பீச் ஆரஞ்சு, அதுக்கு மேல கருப்புன்னா நல்ல அடர் ஆரஞ்சு. நீலம் கலந்த கருமைய ஆரஞ்சு அடக்கும், கலர் சக்கரத்துல ரெண்டும் எதிரெதிர். மொளகு அளவு போதும், அதுக்கு மேல போட்டா கன்சீலர் தாண்டி வெளில எட்டிப் பாக்கும்.

லிப்ஸ்டிக். டெஸ்டர்ல ஒரு கலர், உதட்டுல வேற கலர் வருதே ஏன்?

ஏன்னா உதடு வெள்ளைப் பேப்பர் இல்ல. நம்ம ஊர்ல நெறைய பேருக்கு மேலுதடு கருப்பா, கீழுதடு நடுவுல மட்டும் ரோஸா இருக்கும். எனக்கும் அப்படித்தான். தம்பி நிச்சயதார்த்தத்துக்கு ரோஸ் நியூடுன்னு (நியூடுன்னா உதட்டுக் கலருக்கே கிட்டத்துல வர்ற ஷேட்) ஒண்ணு வாங்கினேன், கடைல மணிக்கட்டுல போட்டுப் பாத்தப்போ அவ்ளோ அழகு. போட்டுட்டு போனேன், ஆல்பம் வந்தப்போ பாத்தா மேலுதடு கத்தரிப்பூ கலர், கீழுதடு சாக்பீஸ், பெரியம்மா ஃபோட்டோவ பாத்துட்டு "அன்னிக்கு ஒடம்பு சரியில்லையாடி"ன்னு கேட்டாங்க. ஃபோட்டோக்காரர் மேல தப்பே இல்ல.

அதுக்கப்புறம் கத்துகிட்டது, மணிக்கட்டுல பாக்கக் கூடாது, விரல் நுனில பாக்கணும். உதட்டோட கலருக்கு விரல் நுனி தான் கிட்டக்க வரும். டெஸ்டர நேரா உதட்டுல வைக்காதீங்க, ஊரே வெச்ச டெஸ்டர் அது. வாங்கறப்போ உள்ள நீலம் ஓடுதா ஆரஞ்சு ஓடுதான்னு பாருங்க, ஒரு டிஷ்யூல தேச்சு நல்லா மெலிசா இழுத்தா தெரிஞ்சிடும். மெலிசான எடத்துல ரோஸா, ஊதாவா போனா கூல். தக்காளி, செங்கல் பக்கம் போனா வார்ம்.

நியூடுன்னா வார்ம் முகத்துக்கு டீ கலர், கருப்பட்டி கலர், பட்டை கலர். பால் ஜாஸ்தியான டீ இல்ல, நல்லா கொதிச்ச டீ. உங்க உதட்டோட கருப்பு எடத்த விட ஒரு படி லைட்டா தான் போகலாம், அதுக்கு மேல போனா சாக்பீஸ் தான். லைனர் ப்ரௌன்ல எடுத்து மொத்த உதட்டுலயும் நெரப்பிட்டு மேல லிப்ஸ்டிக் போடுங்க, ரெண்டு உதடும் ஒரே கலருக்கு வந்துடும்.

செவப்பு லிப்ஸ்டிக் எனக்கு செட்டே ஆகல. வார்ம் ஆளுக்கு எந்த செவப்பு?

ஆரத்தி தண்ணி பாத்திருப்பீங்க. மஞ்சள்ல சுண்ணாம்பு விழுந்ததும் வர்ற அந்த செவப்பு, அடில மஞ்சள் ஒளிஞ்சிருக்கும். அது தான் உங்க செவப்பு. செங்கல், மிளகாய் வத்தல், தக்காளி, துரு கலர் எல்லாம் இந்தக் குடும்பம். மேக்லயே ரெண்டு எடுத்து பக்கத்துல வெச்சுப் பாருங்க, ரூபி வூ நீலம் ஓடற செவப்பு, சில்லிங்கறது செங்கல் ஆரஞ்சு ஓடற செவப்பு. ரெண்டும் செவப்பு தான், ஒரே மூஞ்சில போட்டா ரெண்டு வேற ஆளு. அந்த ஷேட்ட தான் வாங்கணும்னு இல்ல, வித்தியாசம் கண்ணுக்குப் பழகறதுக்கு சொல்றேன், 300 ரூபா லிப்ஸ்டிக்லயும் அதே கலர் கெடைக்குது.

அரக்கு? ப்ரௌன் பக்கம் சாஞ்ச அரக்குன்னா டீப் ஆட்டத்துக்கு அருமை. ஒயின், நாவப்பழம் பக்கம் போற மெரூன் அக்காவுக்கு குடுத்துடுங்க, அதாவது என் அக்கா மாதிரி கூல் ஆளுக்கு.

அப்போ பிங்க் போடவே கூடாதா?

யாரு சொன்னா. பிங்க்லயும் வார்ம் இருக்கு. செவப்புக் கொய்யாவ ரெண்டா வெட்டினா உள்ள தெரியற கலர், பவழக் கலர், வெங்காயத் தோல் காஞ்சு பழுப்பான கலர், மூணும் தாராளமா போடலாம். ராணி பிங்க், லாவெண்டர் பிங்க் தான் தகராறு.

ப்ளஷ் போட்டா ஒண்ணும் தெரியல, இல்லன்னா பவுடர் கொட்டின மாதிரி இருக்கு.

லைட் பீச் ஷேட் வாங்கியிருப்பீங்க. அதுல வெள்ளை ஜாஸ்தி, மாநிறத்துக்கு மேல அது சாம்பல். டப்பால பாக்கறப்போ "ஐயோ இதையா கன்னத்துல"ன்னு பயமா இருக்கற கலர் தான் நமக்கு ப்ளஷ்: செங்கல், சுட்ட மண், அடர் ஆரஞ்சு. ப்ரஷ்ல தொட்டு, பொறங்கைல தட்டிட்டு, கன்னத்துல ரெண்டே இழு. அவசரத்துக்கு நான் அதே செங்கல் லிப்ஸ்டிக்க விரல்ல எடுத்து கன்னத்துல ஒத்திடுவேன்.

கண்மை கருப்பு கூல் கலராமே, வார்ம் ஆளுங்க ப்ரௌன் தான் போடணுமா?

டீப் ஆட்டம் கருப்பு மை போடலாம், முடியே கருப்பா இருக்கறப்போ மை என்ன பண்ணப் போகுது. லைட் ஸ்ப்ரிங், சாஃப்ட் ஆட்டம் ஆளுங்களுக்கு, அதாவது அந்த 12ல லேசான, மென்மையான கலர் ஒத்து வர்றவங்களுக்கு மட்டும் கருப்பு கொஞ்சம் ஒரைக்கும், அவங்க காப்பிக் கொட்டை ப்ரௌன் ட்ரை பண்ணுங்க. ஐஷேடோக்கு பித்தளை, செம்பு, பழைய தங்கம், பாசிப் பச்சை. பூஜை ரூம்ல புளி போட்டு தேய்க்கறதுக்கு முன்னாடி வெளக்கு ஒரு கலர்ல இருக்கும்ல, அந்த மங்கின பித்தளை தான் எனக்குப் பிடிச்ச ஷேடோ. சில்வர், ஐஸ் ப்ளூ வேண்டாம். ஹைலைட்டரும் அதே கணக்கு, வெள்ளி மினுக்கு வேண்டாம், தேன் மினுக்கு.

மண்டபத்துல மூஞ்சி மட்டும் வெள்ளையா ஃபோட்டோ வருது?

அது ஷேட் பிரச்சனை இல்ல, பெரும்பாலும் பவுடர். வெள்ளையா இருக்கற சிலிக்கா பவுடர் கண்ணுக்குத் தெரியாது, ஃப்ளாஷ் பட்டதும் பளீர்னு திருப்பி அடிக்கும். மஞ்சள் கலந்த பனானா பவுடர் வாங்குங்க, கிளம்பறதுக்கு முன்னாடி இருட்டு ரூம்ல ஃப்ளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்துப் பாத்துடுங்க. வீட்டு டியூப்லைட் 6500 கெல்வின் நீல வெள்ளை, மண்டபத்து மஞ்சள் லைட்டு 3000 கிட்ட, ரெண்டுலயும் ஒரே மூஞ்சி ஒரே மாதிரி தெரியாது. நீல வெளிச்சத்துல மேக்கப் போட்டா பத்தல பத்தலன்னு ப்ளஷ் ஏத்திகிட்டே போவோம், அதனால ஜன்னல் வெளிச்சத்துல போட்டுட்டு போங்க.

பொடவை எம்.எஸ். ப்ளூ. மேக்கப்பும் கூல்ல போகணுமா?

வேண்டாம். பொடவை எந்தக் கலரா இருந்தாலும் மூஞ்சி உங்க மூஞ்சி தான். எம்.எஸ். சுப்புலட்சுமி பேர்ல வந்த அந்த நீலத்துக்கு செங்கல் செவப்பு உதடு அப்படி தூக்கிக் குடுக்கும். பொடவை பார்டர்ல இருக்கற ஜரிகையோட கலர கண்ணுக்கு எடுத்துக்கங்க, அதுவே எணைச்சுடும்.

வெயில்ல கருத்தா சீசன் மாறுமா?

மாறாது. ஃபவுண்டேஷன் மட்டும் ஒண்ணு ரெண்டு ஷேட் எறங்கும். முடிக்கு மருதாணி போடறவங்களுக்கு நரை செம்பட்டையாகி மூஞ்சி கூட கொஞ்சம் வார்மா தெரியும், அதுக்காக கூல் ஆளு வார்ம் ஆயிட மாட்டாங்க.

ஃபோன் ஆப், ஃபில்டர் எல்லாம் என் சீசன் சொல்லுதே?

காலைல ஸ்ப்ரிங், சாயங்காலம் டியூப்லைட்ல விண்டர்னு சொல்லுச்சு எனக்கு. கேமரா தானா கலர மாத்திக்கும், அப்புறம் அது எங்க கண்டுபிடிக்க. கொரியாவுல இந்த சீசன் பாக்கறதையே காசு வாங்கிட்டு பெரிய தொழிலா பண்றாங்க, அது கூட நிஜத் துணிய தாடைக்குக் கீழ வெச்சு பாக்கறது தான். உங்க வீட்டு பீரோல இருக்கறது அதுக்குக் கொறைஞ்சது இல்ல.

ஏற்கனவே வாங்கின தப்பு ஷேட்ட எல்லாம் என்ன பண்றது?

ரோஸா போன ஃபவுண்டேஷன்ல மஞ்சள் மிக்ஸர் சொட்டு விட்டு கலக்கலாம், தனியா விக்குது. வீட்டு மஞ்சள் தூள கலக்காதீங்க, ஒருத்தி கலந்து காலர் எல்லாம் கறை. கூலா போன லிப்ஸ்டிக்குக்கு அடில ப்ரௌன் லைனர், இல்ல கொஞ்சமே கொஞ்சம் ஆரஞ்சு கரெக்டர் தடவிட்டு மேல போட்டா பாதி சரியாகும். என் ரோஸ் நியூடுக்கு ரெண்டும் பண்ணிப் பாத்தேன், மனசு ஒப்பல. போன பொங்கலுக்கு அக்கா வந்தப்போ எடுத்துப் போட்டா பாருங்க, கன்னத்துல குழி விழ சிரிச்சுகிட்டு நிக்கறா, அதே லிப்ஸ்டிக், அதே மாநிறம். கேக்காமலே பர்ஸ்ல போட்டுகிட்டு போயிட்டா.